அம்மாவின் பாட்டுக்கு அப்பா வாங்கிய மானிட்டர்

நாம் நாற்பதைத் தாண்டியவர்கள். மாத்திரை அட்டையின் பின்பக்க எழுத்தைப் படிக்க இப்போது கையைத் தூரமாக நீட்ட வேண்டியிருக்கிறது. அதனால், கம்ப்யூட்டருக்குத் துணியில் உறை தைத்துப் போட்ட காலம் என்று நான் ஆரம்பித்தால் உங்களுக்கு விளக்கம் தேவைப்படாது. உங்கள் வீட்டிலும் அப்படி ஒன்று இருந்திருக்கும். அந்த அறைக்குள் போகும்போது செருப்பைக் கழற்றியிருப்பீர்கள். மவுஸின் வயிற்றைத் திறந்து ரப்பர் உருண்டையை வெளியே எடுத்து, உள்ளே சுற்றியிருக்கும் அழுக்கை நகத்தால் சுரண்டியிருப்பீர்கள். கேபினெட்டின் தகரத்தைக் காலில் செருப்பில்லாமல் தொட்டுச் சுருக்கென்று கையை இழுத்தும் இருப்பீர்கள்.

எங்கள் வீட்டு உறை ஊதாப்பூ போட்டது. பழைய ஜன்னல் திரையில் அம்மா தைத்தது. கம்ப்யூட்டரை, கோவில்பட்டியில் மூடப்போகிற ஒரு டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டிலிருந்து அப்பா வாங்கி வந்தார். அப்பா பஞ்சு மில்லில் எலக்ட்ரீஷியன். அண்ணன் பாலிடெக்னிக்கில் சேர்ந்திருந்தான். அவன் படிப்புக்கு ஆகும், எனக்கு டைப்பிங் பழக ஆகும் என்பது அப்பாவின் கணக்கு. நான் அப்போது ஏழாம் வகுப்பு. ஒரு வருஷத்துக்கு மேல் அதில் சீட்டாட்டமும் கார் ஓட்டுவதும்தான் நடந்தன. அப்பா மில்லிலிருந்து வருகிற சைக்கிள் சத்தம் கேட்டதும் அண்ணன் ஆட்டத்தை மூடிவிட்டு வேறு எதையாவது திறந்து வைப்பான். அப்பா எட்டிப் பார்த்து, திருப்தியாகத் தலையாட்டிவிட்டுப் போவார்.

அம்மா அந்த அறைக்குத் தூசி தட்ட மட்டும்தான் வருவாள்.

எங்கள் சபை நடத்திய சின்னப் பள்ளிக்கூடத்தில் அம்மா எல்.கே.ஜி. டீச்சர். ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் பாடகர் குழுவில் முன்வரிசை. மேல்ஸ்தாயியில் அவளை நம்பித்தான் மற்ற பெண்கள் நின்றார்கள். ஆனால் அவளுக்குச் சொந்தமாக இருந்தது வேறொன்று. வகுப்புக்கு அவளே பாட்டுக் கட்டுவாள். பாடப் புத்தகத்தில் பனி, குளிர், ஓக் மரம் என்று இங்கிலீஷ் பாட்டுகள் இருந்தன. வந்து உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளோ தீப்பெட்டி ஆபீஸுக்குக் குச்சி அடுக்கப் போகிறவர்கள் வீட்டுப் பிள்ளைகள், புதூர்ப் பக்கம் மிளகாய்ச் சாகுபடியை விட்டுவிட்டு இங்கே வந்து குடியிருப்பவர்களின் பிள்ளைகள். "பனின்னா என்ன டீச்சர்"னு கேட்டா ஐஸ் பெட்டியவா கொண்டு போய்க் காட்ட, என்று அம்மா சொல்வாள். சோறு வடிக்கும்போதும் துணி பிழியும்போதும் வார்த்தைகளைப் போட்டுப் பார்ப்பாள். பருத்திக்காய்க்கு ஒரு பாட்டு இருந்தது.

வெடிச்ச காய்க்குள்ள வெள்ள முயலு,
புடிக்கப் போனா பஞ்சு பஞ்சு!
வானத்து மேல கறுப்பு ஆடு,
வெரட்டப் போனா மேகம் மேகம்!

இதுபோல ஆட்டுக்கு, பஸ்ஸுக்கு, கைகழுவுவதற்கு, பல் விழுவதற்கு. எதையும் அவள் எழுதி வைத்ததில்லை. பிள்ளைகள் மறந்தால் அது நல்ல பாட்டு இல்லை என்று விட்டுவிடுவாள்.

அந்த வருஷம் மழை பொய்த்தது. கார்த்திகையிலேயே கரிசல் காடு விரிசல்விட்டுக் கிடந்தது. அந்தச் சமயத்தில்தான் பாடகர் குழுவில் இருந்த ஒரு அக்கா, அம்மா தண்ணீர் குடிப்பதைப் பார்த்துவிட்டு, "டீச்சர், தொண்டையில என்னமோ ஏறி எறங்குது" என்றாள். தொட்டுப் பார்த்தால் புளியங்கொட்டை கணக்காக ஒரு கட்டி.

மதுரையில் பெரிய டாக்டரிடம் போனார்கள். பயப்படுகிற கட்டியாகத் தெரியவில்லை, ஆனால் எடுத்துவிட வேண்டும், கிறிஸ்துமஸ், பொங்கல் முடியட்டும் என்று நாள் குறித்துக் கொடுத்தார். கட்டிக்குப் பக்கத்திலேயே குரலுக்கான நரம்பு ஓடுகிறது என்றும் சொன்னார். பெரும்பாலானவர்களுக்கு ஒன்றும் ஆகாது, சிலருக்குக் குரல் மாறிப்போகும். வீட்டுக்கு வந்து, அப்பா சட்டையைக்கூடக் கழற்றாமல் அண்ணனிடம் கேட்டார்.

"ஏலே, அம்மா பாட்டையெல்லாம் இந்தக் கம்ப்யூட்டர்ல ஏத்த முடியுமா?"

"முடியும்ப்பா."

"அப்ப ஏத்திரு. பூராத்தையும் ஏத்திரு."

அம்மா கைகால் கழுவிக்கொண்டிருந்தாள். அவளிடம் யாரும் கேட்கவில்லை. இதை இப்போது யோசிக்கும்போதுதான் தெரிகிறது. அன்றைக்கு எங்கள் யாருக்கும் அது தோன்றவில்லை.

அண்ணனுக்கு அந்த வேலை பிடித்திருந்தது. பாலிடெக்னிக் சிநேகிதன் ஒருவன் காப்பி போட்டுக் கொடுத்த சி.டி.யில் பாட்டுப் பதிகிற மென்பொருள் இருந்தது. ஒரு குரலைப் பதிந்துவிட்டு, அதன்மேல் இன்னொரு குரலை, அதன்மேல் தாளத்தை என்று அடுக்கடுக்காகப் பதியலாம். கம்ப்யூட்டரோடு வந்த சின்ன மைக்கைக் கையில் கொடுத்து அம்மாவைப் பாடச் சொன்னான். பாடினாள். கேட்டுப் பார்த்தோம். வாளிக்குள் தலையை விட்டுக்கொண்டு பாடியதுபோல இருந்தது. இரண்டாவது அடுக்கைப் போட்டதும் கம்ப்யூட்டர் அப்படியே உறைந்து நின்றுவிட்டது. மவுஸை ஆட்டினாலும் அம்பு அசையவில்லை.

"இந்த மெஷின் தாங்காதுப்பா. ராம் கூடப் போடணும், நல்ல சவுண்ட் கார்டு போடணும், எடமும் பத்தாது."

அப்பா எல்லாவற்றையும் கவனமாகக் கேட்டுக்கொண்டார். ஆனால் அவர் கண் திரையில்தான் இருந்தது. அம்மாவின் குரல் அங்கே பச்சை அலையாக, கோடு கோடாக விழுந்திருந்தது. சத்தமாகப் பாடிய இடம் உயரமாக, மூச்சு வாங்கிய இடம் தட்டையாக. அப்பா திரைக் கண்ணாடிக்குக் கிட்டத்தில் போய், "இது எந்த வரி, இது எந்த வரி" என்று விரலை வைத்து வைத்துக் கேட்டார்.

மில்லில் போனஸ் கொடுத்திருந்தார்கள். சமையலறைக்குத் தரை போட வைத்திருந்த பணம். அடுத்த தடவை அம்மாவின் ரத்தப் பரிசோதனை முடிவை வாங்க மதுரைக்குப் போனவர், சாயங்காலம் பஸ் ஸ்டாண்டிலிருந்து ஆட்டோவில் வந்து இறங்கினார். ஆட்டோவில் வருகிறவர் இல்லை அவர். மடியில், அவர் முகத்தையே மறைக்கிற அளவுக்கு ஒரு அட்டைப்பெட்டி. அண்ணன் ஓடிப் போய்ப் பிரித்தான். உள்ளே பெரிய மானிட்டர். எங்கள் வீட்டில் இருந்ததைப்போல ஒன்றரை மடங்கு.

"ராம் எங்கப்பா?"

"அதுவா, அது கையகலம்கூட இல்லையே. அதுக்குப் போய் அவ்வளவு கேக்கான். இதப் பாரு, என்ன கனம்!"

"இதுல பாட்டைப் பாக்கவா போறோம்?" என்று அண்ணன் கத்தினான். "கேக்கணும்ப்பா, கேக்கணும்!"

அப்பா கர்சீப்பால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு, கொஞ்சம் மெதுவான குரலில் சொன்னார்: "அவ குரலு அந்தச் சின்னப் பெட்டிக்குள்ள நெருக்கியடிச்சுக்கிட்டுக் கெடந்துச்சுலா. அதான்."

நாங்கள் சிரித்தோம். நானும்தான். அம்மா மட்டும் சிரிக்காமல், மானிட்டரின் மேல் ஒட்டியிருந்த பிளாஸ்டிக் தாளை ஓரத்திலிருந்து பதமாக உரித்துக்கொண்டிருந்தாள்.

மதுரைக் கடைக்காரர் திருப்பி எடுக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டார். அண்ணன் வேறு வழி கண்டுபிடித்தான். எட்டயபுரம் ரோட்டில் ஒரு கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை இருந்தது. கல்யாணப் பத்திரிகை, நோட்டீஸ் அடிக்கிற ஆட்கள் அங்கே பெரிய மானிட்டர் கேட்டுக்கொண்டிருந்தார்கள். சைக்கிள் கேரியரில் மானிட்டரைக் கயிறு போட்டுக் கட்டி, மேலே பெட்ஷீட்டைப் போர்த்தி, அண்ணன் தள்ளிக்கொண்டு போக, நான் பின்னால் இரண்டு கையாலும் அணைத்துப் பிடித்துக்கொண்டே நடந்தேன். எதிரே வந்தவர்கள், யாருக்கோ உடம்பு சரியில்லையோ என்று விலகி வழிவிட்டார்கள். கடைக்காரர் மானிட்டரை வாங்கிக்கொண்டு அதற்குப் பதிலாக ராம் ஒன்றும், யாரோ கழற்றிப் போட்டிருந்த நல்ல சவுண்ட் கார்டு ஒன்றும், செத்துப்போன ஒரு கம்ப்யூட்டரிலிருந்து எடுத்த ஹார்ட் டிஸ்க்கும் கொடுத்தார். ஹார்ட் டிஸ்க் ஓடும்போது கல்லில் சீப்பை உரசுகிற மாதிரி ஒரு சத்தம் வரும். ஆனால் ஓடியது.

அப்பா இதற்கு மறுப்புச் சொல்லவில்லை. அட்டைப்பெட்டியை மட்டும் பரண்மேல் வைத்துக்கொண்டார்.

மைக் கிடைத்த கதை சுலபமானது. எங்கள் தெருவில் மைக் செட் வைத்திருந்த அண்ணாச்சி ஒருவர் இருந்தார். மார்கழியில் கல்யாணம் கிடையாது. "சும்மாதான கெடக்கு, டீச்சர் பாட்டுக்குன்னா எடுத்துட்டுப் போங்க. தை பொறந்ததும் குடுத்துருங்க, எனக்கு மூர்த்தம் வரிசையா இருக்கு" என்று நல்ல மைக் ஒன்றையும் கைப்பிடி வைத்த ஒரு பழைய ஆம்பிளிபையரையும் கொடுத்தார். மைக்கில் பவுடர் வாசனையும் வெற்றிலை வாசனையும் அடித்தது. எத்தனை பேர் அதில் வாய் வைத்து மணமக்களை வாழ்த்தினார்களோ. அம்மா அதை டெட்டால் தொட்ட துணியால் துடைத்தாள்.

பதிவு செய்வது லேசான காரியமில்லை என்று அப்புறம்தான் தெரிந்தது. கேபினெட் மின்விசிறி இரைச்சல் மைக்கில் விழுந்தது. கேபினெட்டை ஜன்னலுக்கு அந்தப் பக்கம் சமையலறையில் வைத்து, வயர்களை ஜன்னல் கம்பி வழியாக விட்டோம். சுவரிலிருந்து குரல் திரும்பி வந்தது. இரண்டு பஞ்சு மெத்தைகளைச் சுவரோடு நிறுத்தினோம். மார்கழிக் காலை முழுக்க மாரியம்மன் கோயில் குழாய்ப் பாட்டு. மத்தியானம் பக்கத்து வீட்டுக் கோழி முட்டையிட்டுவிட்டு ஊருக்கே சொல்லும். ஒரு பாட்டின் நடுவில் சரக்கு ரயில் முழுசாகப் போனது.

எல்லாவற்றையும் சமாளித்த பிறகும் ஒரு ரீங்காரம் மட்டும் போகவில்லை. யாரும் பாடாதபோதும் ம்ம்ம் என்று அடியில் ஓடிக்கொண்டே இருந்தது. அண்ணன் வயரை மாற்றினான், சவுண்ட் கார்டைக் கழற்றிக் கழற்றி மாட்டினான். இரண்டு நாள் கழித்துக் கண்ணில் நீர் கட்டிக்கொண்டு கட்டிலில் போய்க் குப்புறப் படுத்துவிட்டான்.

அப்பா ஹெட்போனை வாங்கிக் காதில் வைத்தார். கொஞ்ச நேரம் கேட்டார். எழுந்து கொல்லைப்பக்கம் போனார். வீட்டு எர்த் கம்பி புதைத்த இடத்தைச் சுற்றி மண் பாளம் பாளமாகப் பிளந்து கிடந்தது. எர்த் குழாயைச் சுற்றி என் கை போகிற அளவுக்கு வெடிப்பு.

"மழை இல்லாம கரிசல் வெடிச்சிருக்கு. மண்ணு குழாய விட்டு வெலகிக் கெடந்தா எர்த்து எங்கன புடிக்கும்?" என்றார். வெடிப்பில் கரியும் உப்பும் போட்டு மண்ணால் மூடி, குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றினார். குடிக்கிற தண்ணீருக்கே குழாயடியில் சண்டை நடந்த நேரம் அது. அண்ணன் ஹெட்போனை மாட்டிக்கொண்டான். அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். புருவம் மெல்ல விரிந்தது.

"போயிட்டுப்பா. சுத்தமாப் போயிட்டு."

கேபினெட்டைத் தொட்டால் சுருக்கென்று இழுப்பதும் அன்றோடு நின்றது. அப்பா அன்றைக்கு இரண்டு தடவை குளித்தார், சந்தோஷத்தில்.

அப்புறம் பாட்டுகள். தினமும் மத்தியானம், பள்ளிக்கூட விடுமுறை நாட்களில், ஒன்று அல்லது இரண்டு. எனக்கு இரண்டு வேலை. பிள்ளைகள் சேர்ந்து பாடுகிற வரியில் நான் பாட வேண்டும். தாளத்துக்குத் தீப்பெட்டி குலுக்க வேண்டும். நிறையக் குச்சி இருந்தால் மழை மாதிரி ஒரு சத்தம், பாதிக் குச்சி எடுத்துவிட்டால் சலங்கை மாதிரி. இதை அம்மாதான் சொல்லிக் கொடுத்தாள்.

அந்த மத்தியானங்களில் வீடு கோயில் மாதிரி இருந்தது. அந்த வாரங்களில் இரவு ஷிப்டு வாங்கிக்கொண்டிருந்த அப்பா வாசலில் பனியனோடு ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, தெருவில் போகிறவர்களைக் கையமர்த்துவார். பழக்காரர்கூட எங்கள் வீட்டைத் தாண்டிப் போய்த்தான் கூவினார். அம்மா மைக்குக்கு முன்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்று பாடுவாள். முடித்ததும், "இன்னொரு தடவ பாடுதேன்லே, அந்த எடம் சரியா வரலை" என்பாள். அண்ணன், "இல்லம்மா, அழகா இருக்கு" என்பான். வாசலிலிருந்து அப்பா குரல் கொடுப்பார்: "போதும், போதும். தொண்டைய அலட்டாத."

ஒவ்வொரு பாட்டும் ஒரே தடவைதான். பாடி முடித்த பாட்டை அண்ணன் கம்ப்யூட்டரில் பத்திரப்படுத்துவான். அப்பா வந்து பச்சை அலை இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் போவார்.

கேசட்டில் ஒரு பிரதி எடுத்து வைக்கவில்லையா என்று கேட்பீர்கள். கம்ப்யூட்டரில் இருப்பது என்றைக்கும் இருக்கும் என்று நாமெல்லாம் நம்பிய காலம் அது.

தை பிறந்தது. மைக்கை அண்ணாச்சியிடம் கொடுத்தோம். அம்மாவுக்கு ஆபரேஷன் நடந்தது. கட்டி, டாக்டர் சொன்னதுபோலவே, பயப்படுகிற கட்டி இல்லை. ஆனால் அம்மாவுக்குக் குரல் வரவில்லை. காற்று மட்டும் வந்தது. வந்துவிடும், பொறுமையாக இருங்கள் என்றார்கள்.

பேசாத அம்மா இருக்கிற வீடு எப்படி இருந்தது என்று சொல்வது கஷ்டம். எங்களைக் கூப்பிடக் கரண்டியால் பாத்திரத்தில் தட்டுவாள். இரண்டு தட்டு அண்ணனுக்கு, மூன்று தட்டு எனக்கு. அவளை ஆற்றுவதாக நினைத்து அப்பா ஒரு காரியம் செய்தார். சாயங்காலம் மில்லிலிருந்து வந்ததும் அண்ணனிடம், "அந்தப் பாட்டைப் போடுலே" என்பார். ஸ்பீக்கரில் அம்மாவின் பழைய குரல் வரும். பார்க்க வந்த சபையார், பாடகர் குழுக்காரர்கள், அப்பாவோடு வேலை பார்க்கிறவர்கள் எல்லாரும் கட்டிலிலும் தரையிலும் உட்கார்ந்து கேட்பார்கள். பருத்திக்காய்ப் பாட்டு வரும்போது பெண்கள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள். அவர்களுக்கு நடுவே அம்மா காப்பி டம்ளர்களோடு போய்வந்துகொண்டிருப்பாள். உயிரோடு இருக்கிற ஒருத்தியை அவளுக்கு முன்னாலேயே வைத்து இப்படித் துக்கம் விசாரித்தோம். பெரியவர்கள் அன்பினால் செய்தார்கள். அதில் சந்தேகமில்லை.

பங்குனியில் குரல் வந்தது. ஆனால் வேறு குரல். தாழ்ந்து, கரகரவென்று, சளிபிடித்த ஆண்பிள்ளை பேசுவதுபோல. முதல் தடவை "ஏட்டி" என்று அவள் கூப்பிட்டபோது நான் வேறு யாரோ என்று வாசலைப் பார்த்தேன். டாக்டர், இன்னும் கொஞ்சம் தேறும், முழுசாகப் பழையபடி ஆகாது என்றார். பாடகர் குழுவில் அவள் போய்ப் பின்வரிசையில் ஆண்களுக்குப் பக்கத்தில் நின்றாள்.

ஒரு மத்தியானம், நான் சீட்டாட்டம் ஆடிக்கொண்டிருந்தேன். அம்மா வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"இதுல எடம் எவ்வளவு இருக்குன்னு எப்படிப் பாக்க?"

காட்டினேன். இடம் அநேகமாகத் தீர்ந்திருந்தது.

"வேண்டாததை எடுக்கணும்னா?"

அதையும் காட்டினேன். குப்பைத்தொட்டி என்று ஒரு படம் இருக்கும், அதில் போய் விழும், அதையும் காலி செய்தால்தான் இடம் வரும் என்று தெரிந்ததைச் சொன்னேன். தலையாட்டிக் கேட்டுக்கொண்டாள். எழுத்துப் பழகுகிற பிள்ளைபோல மவுஸை மேலும் கீழும் நகர்த்திப் பார்த்தாள். நான் டியூஷனுக்குப் போய்விட்டேன்.

சாயங்காலம் அப்பா, "பாட்டைப் போடுலே" என்றார். அண்ணன் போய்த் தேடினான். திரும்பத் திரும்பத் தேடினான். அவன் குரல் கீச்சென்று வந்தது. "அப்பா, பாட்டெல்லாம் காணோம்! ஒண்ணுகூட இல்ல!"

அம்மா முறத்தில் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள்.

"நாந்தான் எடுத்தேன்."

"தெரியாமக் கைபட்டுட்டா?" என்றார் அப்பா.

"தெரிஞ்சுதான். எடம் பத்தலை. வேற பாட்டுப் பதியணும்."

"எடம் பத்தலைன்னா இன்னொரு டிஸ்க் மாட்டியிருப்பேம்லாம்மா!" அண்ணன் அழுதேவிட்டான்.

அப்பா கம்ப்யூட்டர் பக்கம் கையைக் காட்டினார். "எம்புட்டுப் பாடுபட்டு ஏத்தி வச்சோம். ஊரே கேட்டு அழுதுச்சு."

அம்மா முறத்தைக் கீழே வைத்தாள். "ஆமா, அழுதாவ. நாலு வயசுப் பிள்ளைக்குன்னு பாட்டுக் கட்டியிருக்கேன். கேட்டவியெல்லாம் அழுதா அது என்ன பாட்டுங்க? நீங்க ஒருக்கா நல்லாக் கேட்டிருந்தா தெரிஞ்சிருக்கும். அதுல நான் பாடவே இல்ல. பயந்துபோய் நின்னுக்கிட்டு இருக்கேன்."

அவ்வளவு நீளமாக அந்தப் புதுக் குரலில் அவள் பேசி நாங்கள் கேட்டது அதுதான் முதல் தடவை. இடையில் மூச்சுவிட நிறுத்தி நிறுத்திப் பேசினாள். அப்பா சாப்பிடாமல் எழுந்து போனார். கொஞ்ச நாள் அவளிடம் நேராகப் பேசவில்லை. "உங்கம்மாட்ட சொல்லு" என்று எங்கள் வழியாகத்தான் பேச்சு நடந்தது.

சித்திரையில் மைக் செட் அண்ணாச்சிக்கு இரண்டு கல்யாணத்துக்கு நடுவில் ஒரு இடைவெளி வந்தது. அம்மாவே போய் மைக்கைக் கேட்டு வாங்கி வந்தாள். அண்ணன் முதலில் முறைத்துக்கொண்டுதான் வயர் மாட்டினான்.

இந்தத் தடவை வாசலில் காவல் இல்லை. அம்மா கையைக் கட்டிக்கொண்டு நிற்கவில்லை. ஸ்டூலில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். மேலே ஏறுகிற இடமெல்லாம் அவளுக்கு வரவில்லை. இரண்டு தடவை முயன்று பார்த்தாள், குரல் உடைந்தது. மூன்றாவது தடவை, "பஞ்சு பஞ்சு" என்று மேலே போக வேண்டிய இடத்தில் சட்டென்று கீழே இறங்கி, அடித்தொண்டையிலிருந்து உருட்டினாள். எனக்குச் சிரிப்பு வந்து தீப்பெட்டி கையிலிருந்து விழுந்தது. அவளும் சிரித்தாள். அண்ணன் பதிவை நிறுத்தினான்.

"அது நல்லாருக்குல்லா?" என்றாள் அம்மா.

"நல்லாத்தாம்மா இருக்கு" என்றான் அண்ணன், விருப்பமில்லாமல்.

"அப்ப மறுபடியும்."

மறுபடியும், மறுபடியும். ஒரு பாட்டுக்கு எத்தனையோ தடவை. சரியில்லாததை அவளே மவுஸைப் பிடித்து அழித்தாள். என் குரலை இரண்டு அடுக்காகப் பதிந்து, ஒன்றைக் கொஞ்சம் தள்ளி வைத்தால் வகுப்பு முழுக்கப் பாடுவதுபோல இருக்கும் என்று கண்டுபிடித்ததும் அவள்தான். ஆட்டுப் பாட்டுக்கு அந்தப் புதுக் குரல் அப்படிப் பொருந்தியது. கோழி கூவியதையும் பாட்டுக்குள்ளேயே விட்டுவிட்டாள். அப்பா அந்த நேரங்களில் மில்லிலேயே கூடுதல் வேலை பார்த்தார். முடிந்ததும் எல்லாவற்றையும் டேப் ரிக்கார்டரில் வயர் போட்டு ஒரு கேசட்டில் ஏற்றினோம். அப்பா கேட்கவில்லை. நாங்களும் போட்டுக் காட்டவில்லை.

ஜூனில் பள்ளிக்கூடம் திறந்தது. திறந்த வாரத்தில் ஒருநாள், அம்மா சாப்பாட்டுத் தூக்கை மறந்துவிட்டுப் போய்விட்டாள். மில்லுக்குப் போகிற வழியில் கொடுத்துவிடலாம் என்று அப்பா எடுத்துக்கொண்டார். என்னையும் பின்னால் ஏற்றிக்கொண்டார், என் பள்ளிக்கூடமும் அந்த வழிதான். சின்னப் பள்ளிக்கூடத்தின் சுற்றுச்சுவர் இடுப்புயரம்தான். எல்.கே.ஜி. வகுப்பு வேப்ப மரத்தடியில் நடந்துகொண்டிருந்தது. எல்லாம் புதுப் பிள்ளைகள். அம்மாவின் பழைய குரலை ஒரு தடவைகூடக் கேட்டிராத பிள்ளைகள். மேஜைமேல் டேப் ரிக்கார்டர் ஓடிக்கொண்டிருந்தது.

வெடிச்ச காய்க்குள்ள வெள்ள முயலு என்று பிள்ளைகள் பாடின. கீச்சுக் குரலில் இல்லை. தாடையைக் கழுத்தோடு அழுத்தி, புருவத்தைச் சுருக்கி, குரலை வயிற்றுக்குள் தள்ளி, அத்தனையும் கரகரவென்று பாடின. முன்வரிசையில் இரட்டைச் சடை போட்ட ஒன்று, "பஞ்சு பஞ்சு" வரும்போது குரலை இன்னும் கீழே இறக்குவதற்காக மண்ணில் குனிந்தே போய்விட்டது.

அப்பா ஒரு காலைத் தரையில் ஊன்றிச் சைக்கிளை நிறுத்தினார்.

"இதுக ஏன்டி எல்லாம் கெழவன் மாதிரிப் பாடுது?"

"அம்மா மாதிரிப் பாடுதுகப்பா," என்றேன். "பாட்டே அப்படித்தான்னு நெனச்சிருக்கும்."

அப்பா பார்த்துக்கொண்டு நின்றார். முதலில் தோள்தான் குலுங்கியது. அப்புறம் ஹேண்டில்பாரில் மாட்டியிருந்த தூக்குச்சட்டி கடகடவென்று ஆடியது. அவர் அப்படி வாய்விட்டுச் சிரித்து நான் பார்த்து வெகுநாளாகியிருந்தது. அம்மா திரும்பிப் பார்த்தாள். எங்களைப் பார்த்தும் அவள் வரவில்லை, பிள்ளைகளுக்குக் கையாலே தாளம் போட்டுக்கொண்டிருந்தாள்.

பாட்டு முடிந்தது. அவருக்கு ஷிப்டுக்கு நேரமாகிவிட்டது. எனக்கும் மணி அடித்திருக்கும். மேஜையருகே நின்ற ஒரு பிள்ளை, "டீச்சர், இன்னொருக்க" என்றது. அம்மா கேசட்டைப் பின்னால் ஓடவிட்டாள்.

அப்பா இறங்கி, சைக்கிளுக்கு ஸ்டாண்டு போட்டார்.